எஸ்எஸ்எம்எஸ்ஸில் ஓடுகிறது, அப்ளிகேஷனில் விழுகிறது: ஸ்டோர்டு ப்ரொசீஜர் பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

ஸ்டோர்டு ப்ரொசீஜரில் (டேட்டாபேஸிலேயே சேமித்து வைத்து, பெயர் சொல்லி ஓட்டும் நிரல்) பிழை என்று தகவல் வந்ததும் பலரும் உடனே அதைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள். பல நூறு வரி ப்ரொசீஜர் என்றால் அரை நாள் அதிலேயே போய்விடும். நிரலில் ஒரு தவறும் இல்லாமலேயே ப்ரொசீஜர் விழக்கூடும். எந்த லாகினில் ஓடியது, அந்த லாகினின் மொழி என்ன, செட் ஆப்ஷன்கள் (இணைப்பின் நடத்தையை மாற்றும் அமைப்புகள்) எப்படி இருந்தன, டைம்அவுட் எவ்வளவு, இதெல்லாம் தெரியாமல் நிரலை மட்டும் படித்தால் விடை கிடைக்காது. ஆகவே இரண்டு தகவல்கள் கைக்கு வரும்வரை நிரலில் கை வைக்காதீர்கள்: பிழை எண், பிழை வந்த செஷனின் (சர்வரோடு உள்ள ஓர் இணைப்பின்) அமைப்பு.

இங்கே சொல்வதெல்லாம் மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வருக்கு. ஆரக்கிளிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் எண்களும் வேறு, நடத்தையும் வேறு.

எண்ணையும் வரியையும் வாங்குங்கள்

எஸ்க்யூஎல் சர்வர் எந்தப் பிழையைச் சொன்னாலும் எண், லெவல் (பிழையின் தீவிரம்; சிவியாரிட்டி என்பதும் இதுதான்), ஸ்டேட், ப்ரொசீஜர் பெயர், வரி எண் ஆகியவற்றைச் சேர்த்தே சொல்கிறது. எஸ்எஸ்எம்எஸ்ஸில் (எஸ்க்யூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ, சர்வரைக் கையாளும் கருவி) சிவப்பு எழுத்தின் முதல் வரியில் இவை இருக்கும். டாட் நெட் என்றால் எஸ்க்யூஎல்எக்ஸெப்ஷனில் நம்பர், ப்ரொசீஜர், லைன்நம்பர் என்று தனித்தனியாக இருக்கின்றன. பல அப்ளிகேஷன்கள் மெசேஜை மட்டும் லாகில் எழுதிவிட்டு இந்த மூன்றையும் விட்டுவிடுகின்றன. வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் மாற்றிவிடுங்கள். அடுத்த பிழையிலேயே பலன் தெரியும்.

அப்ளிகேஷனில் கை வைக்க அனுமதி இல்லையென்றால், சர்வர் பக்கம் எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ் (சர்வரில் நடப்பதைப் பதிவு செய்யும் வசதி) செஷன் ஒன்று போடலாம். எரர்_ரிப்போர்ட்டெட் என்ற நிகழ்வை எடுத்து, சிவியாரிட்டி 10-க்கு மேல் என்று வடிகட்டி, எஸ்க்யூஎல் டெக்ஸ்ட், லாகின் பெயர், அப்ளிகேஷன் பெயர் மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். பயனரின் திரையில் என்ன வாசகம் வந்தாலும் உண்மையான பிழை இங்கே பதிவாகிவிடும்.

லெவல் 10 வரை இருந்தால் அது வெறும் தகவல். 11 முதல் 16 வரை நாமே சரிசெய்யக்கூடியவை. இங்கே பேசப்போகும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். 20 அல்லது அதற்கு மேல் என்றால் இணைப்பே அறுந்துவிடும். அப்போது ப்ரொசீஜரை விட்டுவிட்டு சர்வரின் எரர் லாகைத் திறக்க வேண்டும்.

வரி எண்ணில் ஒரு நுணுக்கம் உண்டு. கிரியேட் ப்ரொசீஜர் என்ற சொல்லுக்கு மேலே அதே பேட்சில் இருக்கும் கமென்ட் வரிகளும் கணக்கில் சேரும். எஸ்எஸ்எம்எஸ்ஸில் மாடிஃபை கொடுத்துத் திறந்தால் யூஸ், செட் வரிகள் மேலே வந்து உட்கார்ந்துகொள்வதால் எடிட்டரின் வரி எண் பிழையின் வரி எண்ணோடு ஒத்துப்போகாது. எஸ்பி_ஹெல்ப்டெக்ஸ்ட் கொடுத்து வரும் வரிகளை எண்ணுங்கள், சரியான இடம் வரும். நீளமான இன்செர்ட்-செலக்ட் என்றால் வாக்கியம் தொடங்கும் வரியைத்தான் பெரும்பாலும் காட்டும். தவறு பத்து வரி கீழே இருக்கலாம்.

வரி எண் 0 என்று வந்தால் அது பெரிய உதவி. ப்ரொசீஜரின் உடல் ஓடத் தொடங்கவே இல்லை, பாராமீட்டர் வாங்கும் இடத்திலேயே நின்றுவிட்டது என்று பொருள். உள்ளே படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

செஷனின் அமைப்பைப் பார்க்க சிஸ்.டிஎம்_எக்ஸெக்_செஷன்ஸ் போதும். லாகின் பெயர், ப்ரோகிராம் பெயர், மொழி, தேதி வடிவம், கோட்டெட்_ஐடென்டிஃபையர், அரித்அபார்ட், ஐசொலேஷன் லெவல் எல்லாம் அதில் பத்திகளாக (column) இருக்கின்றன. எஸ்எஸ்எம்எஸ் செஷனின் வரியையும் அப்ளிகேஷன் செஷனின் வரியையும் அருகருகே வையுங்கள். "எனக்கு ஓடுகிறது, அவருக்கு ஓடவில்லை" வகைப் புகார்கள் பலவற்றுக்கு விடை அந்த இரண்டு வரிகளின் வித்தியாசத்திலேயே இருக்கும்.

"ப்ரொசீஜர் கிடைக்கவில்லை": 2812

முதலில் எந்த டேட்டாபேஸில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் டேட்டாபேஸ் பெயர் விடுபட்டால் லாகினின் டிஃபால்ட் டேட்டாபேஸுக்குத்தான் போகும். பெரும்பாலும் அது மாஸ்டராக இருக்கும். அடுத்தது ஸ்கீமா, அதாவது டேட்டாபேஸுக்குள் ஆப்ஜெக்ட்களைப் பிரித்து வைக்கும் தொகுப்பு; பொதுவாக அது டிபிஓ. டிபிஓ அல்லாத ஸ்கீமாவில் உருவான ப்ரொசீஜரை ஸ்கீமா பெயர் சொல்லாமல் கூப்பிட்டால், கூப்பிடுபவரின் டிஃபால்ட் ஸ்கீமாவிலும் டிபிஓவிலும்தான் தேடும். மூன்றாவது, கேஸ் சென்சிட்டிவ் கொலேஷன் (பெரிய, சிறிய ஆங்கில எழுத்துகளை வேறாகப் பார்க்கும் ஒப்பீட்டு விதி) உள்ள டேட்டாபேஸ். டெவலப்மென்ட் சர்வரில் ஓடி, வாடிக்கையாளர் இடத்தில் விழுவதற்கு இது ஒரு காரணம்.

ப்ரொசீஜர் இருந்தும் எஸ்எஸ்எம்எஸ் சிவப்பு அடிக்கோடு போட்டால் அது இன்டெல்லிசென்ஸின் பழைய நினைவு. கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஆர் அழுத்தினால் போய்விடும்.

"அனுமதி மறுக்கப்பட்டது": 229, 916, 15517

229-ல் எந்த ஆப்ஜெக்ட்டுக்கு, எந்த அனுமதி என்று செய்தியிலேயே இருக்கும். எக்ஸிக்யூட் அனுமதி ப்ரொசீஜர் மேல் மறுக்கப்பட்டதென்றால் கிரான்ட் எக்ஸிக்யூட் கொடுத்தால் முடிந்தது.

குழப்பம் வருவது, எக்ஸிக்யூட் அனுமதி இருந்தும் உள்ளே ஒரு டேபிளின் மேல் செலக்ட் அனுமதி இல்லை என்று விழும்போது. ப்ரொசீஜருக்கும் டேபிளுக்கும் ஒரே உரிமையாளர் என்றால் சர்வர் டேபிள் அனுமதியைச் சோதிப்பதில்லை. இதை ஓனர்ஷிப் செயினிங் என்பார்கள். டைனமிக் எஸ்க்யூஎல் (ஓடும்போது சரமாகச் சேர்த்து ஓட்டும் வாக்கியம்) இந்தச் சங்கிலியை அறுத்துவிடும். எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்க்யூஎல் வழியாக ஓடும் வாக்கியத்துக்குக் கூப்பிட்டவரின் சொந்த அனுமதிதான் செல்லும். இந்த இடத்தில் அவசரத்துக்கு டிபி_ஓனர் கொடுத்துவிடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ப்ரொசீஜரில் வித் எக்ஸிக்யூட் ஆஸ் ஓனர் சேர்க்கலாம். இன்னும் கட்டுப்பாடாக வேண்டுமென்றால் சர்டிஃபிகேட் கொண்டு ப்ரொசீஜரில் கையொப்பமிடலாம்.

916 என்றால் ப்ரொசீஜர் வேறொரு டேட்டாபேஸைத் தொடுகிறது, அங்கே இந்த லாகினுக்கு யூசர் இல்லை. 15517 பெரும்பாலும் பேக்கப்பை வேறு சர்வரில் ரீஸ்டோர் செய்தபின் வரும். டேட்டாபேஸின் உரிமையாளர் எஸ்ஐடி (லாகினின் உள் அடையாளம்) புதிய சர்வரில் எந்த லாகினோடும் பொருந்தாததால் டிபிஓ யூசராக மாற முடியவில்லை. ஆல்டர் ஆதரைசேஷன் கொடுத்து டேட்டாபேஸுக்குச் செல்லுபடியாகும் ஓர் உரிமையாளரை வைத்தால் சரியாகும்.

"பாராமீட்டர் தரப்படவில்லை" என்கிறது, நான் தந்தேனே: 201

டாட் நெட்டிலிருந்து வரும் 201-க்கு முக்கியமாக இரண்டு காரணங்கள். ஒன்று, கமாண்ட்டைப்பை ஸ்டோர்டுப்ரொசீஜர் என்று வைக்க மறந்தது. அப்போது ப்ரொசீஜர் பெயர் சாதாரண டெக்ஸ்ட்டாகப் போகிறது. பாராமீட்டர்கள் அந்த டெக்ஸ்ட்டுக்குச் சேர்கின்றன, ப்ரொசீஜருக்குப் போய்ச் சேர்வதில்லை. மற்றொன்று, பாராமீட்டரின் மதிப்பாக சி ஷார்ப்பின் நல் (null, மதிப்பே இல்லை என்பது) கொடுப்பது. அந்த பாராமீட்டர் அனுப்பப்படுவதே இல்லை. டேட்டாபேஸுக்கு நல் போக வேண்டுமென்றால் டிபிநல்.வேல்யூ கொடுக்க வேண்டும். திரையில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் மட்டும் பிழை வருகிறது என்று பயனர் சொன்னால் இரண்டாவது காரணம்தான்.

8144 என்றால் பாராமீட்டர்கள் கூடுதல், 8145 என்றால் அப்படியொரு பெயரே ப்ரொசீஜரில் இல்லை. புது அப்ளிகேஷன் போட்டுவிட்டுப் புது ப்ரொசீஜரைப் போட மறந்தால் இவை வரும். சிஸ்.ப்ரொசீஜர்ஸில் மாடிஃபை_டேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாதத்தின் 12-ஆம் தேதி வரை ஓடும், 13 முதல் விழும்

கட்டணம் பதிவு செய்யும் ஒரு ப்ரொசீஜரை எடுத்துக்கொள்வோம். தேதி பாராமீட்டர் டேட்டைம். அப்ளிகேஷன் நம் ஊர் வழக்கப்படி 13/03/2024 என்று எழுத்தாக அனுப்புகிறது. லாகினின் மொழி யூஎஸ் இங்கிலீஷ் என்றால் சர்வர் மாதம்-நாள்-வருடம் என்று படிக்கும். 13-ஆம் மாதம் கிடையாது, எனவே 8114, வரி 0. உள்ளே கன்வெர்ட் செய்யும் இடத்தில் என்றால் 242 வரும்.

விழுந்த பதிவுகளைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, அவை உள்ளே போகவே இல்லை. கவலைப்பட வேண்டியது முதல் பன்னிரண்டு நாட்களைப் பற்றி. 12/03/2024 என்று அனுப்பியது டிசம்பர் 3 என்று பதிவாகியிருக்கும். 05/03/2024 மே 3 ஆகியிருக்கும். எந்தப் பிழையும் வந்திருக்காது. 13-ஆம் தேதி புகார் வந்ததும் வடிவத்தை மட்டும் திருத்திவிட்டுக் கிளம்பினால், தவறான தேதிகள் டேபிளிலேயே தங்கி, வருட முடிவு ரிப்போர்ட்டில் வெளியே வரும். உள்ளிட்ட நேரம் தனிப் பத்தியில் இருந்தால் அதோடு ஒப்பிட்டு, பழைய பதிவுகளையும் கட்டாயம் திருத்துங்கள்.

வருடம்-மாதம்-நாள் என்று கோடு போட்டு எழுதினால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். டேட்டைம் வகையில் அது உண்மையில்லை. லாகின் மொழி பிரிட்டிஷ் என்றால் 2024-03-13 என்பதை வருடம்-நாள்-மாதம் என்று படித்து விழும். டேட், டேட்டைம்2 வகைகளில் இந்தச் சிக்கல் இல்லை. எழுத்தாகவே அனுப்ப வேண்டிய கட்டாயம் இருந்தால் 20240313 என்று இடைக்கோடு இல்லாமல் அனுப்புங்கள். எந்த மொழி அமைப்பிலும் ஒரே பொருள். அதைவிட நல்லது, தேதியைத் தேதி வகை பாராமீட்டராகவே அனுப்புவது.

தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாகப் பதிவாகிறது

இதற்குப் பிழை எண்ணே கிடையாது. ப்ரொசீஜர் வெற்றிகரமாக முடியும், டேபிளில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும்.

டேபிளின் பத்தி என்வார்சார் (யூனிகோடு எழுத்து வகை) தான் என்று பார்த்துவிட்டுப் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வழியில் ஒரே ஓர் இடம் வார்சாராக இருந்தாலும் எழுத்து அங்கே அழிந்துவிடும்: ப்ரொசீஜரின் பாராமீட்டர், உள்ளே அறிவித்த வேரியபிள், டெம்ப் டேபிளின் பத்தி, டைனமிக் எஸ்க்யூஎல் சேர்க்கும் சரம், மேற்கோளுக்கு முன் என் (N) என்ற ஆங்கில எழுத்து விடுபட்ட நேரடி மதிப்பு. வார்சார் ஒரு கோட்பேஜை (ஒரு மொழியின் எழுத்துகளுக்கான எண் பட்டியல்) சார்ந்தது. தமிழுக்கு அப்படியொரு கோட்பேஜ் விண்டோஸில் இல்லை. தமிழ்நாடு என்று எழுதினால் நமக்கு ஐந்து எழுத்து; யூனிகோடில் ஒன்பது குறியீடுகள். என் விடுபட்டால் பதிவாவது ஒன்பது கேள்விக்குறிகள். அப்படி ஆனபின் மீட்க வழியில்லை. மூல விண்ணப்பத்தைப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். ஒரு மனிதரின் பெயரை நாமே அழித்துவிட்டு அவரையே திரும்பக் கேட்பது எவ்வளவு வருத்தமான காரியம் என்பதை நினைத்தாவது, பெயர் வரும் ப்ரொசீஜர் ஒவ்வொன்றிலும் பாராமீட்டர் வகையை ஒருமுறை சரிபாருங்கள். சிஸ்.பாராமீட்டர்ஸில் வார்சார் வகை பாராமீட்டர்களை மட்டும் பட்டியலிட்டால் சில நிமிட வேலைதான்.

தேடலிலும் இதே கதை. வேர் நிபந்தனையில் தமிழ்ப் பெயருக்கு முன் என் போடாவிட்டால் பிழையும் வராது, பதிவும் வராது.

பெயர் பாதியில் அறுந்து பதிவாவதும் இதன் உறவுதான். பாராமீட்டரின் நீளத்தைத் தாண்டும் எழுத்தை எஸ்க்யூஎல் சர்வர் சத்தமில்லாமல் வெட்டிவிடும். டேபிளில் இன்செர்ட் செய்யும்போது மட்டும்தான் நீளம் போதவில்லை என்று பிழை சொல்லும். ஆகவே டேபிளில் 100, பாராமீட்டரில் 20 என்றிருந்தால் பிழையே வராமல் பெயர் குறைந்துபோகும். தமிழில் இது சீக்கிரமே நடக்கும், ஏனென்றால் என்வார்சார் 20 என்பது இருபது எழுத்து அன்று, இருபது குறியீடு. ஸ்ரீ என்ற ஓர் எழுத்தே நான்கு எடுத்துக்கொள்ளும். நீளமே கொடுக்காமல் வார்சார் என்று மட்டும் பாராமீட்டரை அறிவித்தால் நீளம் 1. முதல் எழுத்து மட்டும் பதிவாகிறது என்ற புகாருக்கு இதுதான் காரணம். 2019 பதிப்பில் வந்த யூடிஎஃப்-8 கொலேஷன்களை வைத்தால் வார்சாரிலும் தமிழ் நிற்கும். ஆனால் அங்கே நீளம் பைட் கணக்கு, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். வார்சார் 30-ல் பத்துக் குறியீடுகள்தான் அடங்கும்.

இன்செர்ட்டில் வரும் நீளப் பிழை பழைய பதிப்புகளில் 8152. எந்தப் பத்தி என்று சொல்லாது. 2019-லிருந்து, கம்பேட்டிபிலிட்டி லெவல் 150 இருந்தால், அது 2628 ஆகி டேபிள், பத்தி, வெட்டப்பட்ட மதிப்பு மூன்றையும் சொல்கிறது. 2016 எஸ்பி2 சியூ6-லும் 2017 சியூ12-லும் ட்ரேஸ் ஃப்ளாக் 460-ஐ இயக்கினால் இதே வசதி கிடைக்கும்.

உருவாக்கும்போது பிழையில்லை, ஓட்டும்போது 208

ப்ரொசீஜரை உருவாக்கும்போது அதில் வரும் டேபிள் இல்லையென்றாலும் சர்வர் கண்டுகொள்ளாது, ஓடும்போதுதான் தேடும், கிடைக்காவிட்டால் 208 வரும். டேபிள் இருந்து பத்தி மட்டும் இல்லையென்றால் 207 உடனே வரும். அதனால் ப்ரொசீஜர் தடங்கலின்றி உருவானது என்பதை வைத்து அது சரி என்று முடிவு செய்ய முடியாது. சிஸ்.எஸ்க்யூஎல்_எக்ஸ்ப்ரெஷன்_டிபென்டென்சிஸில் ரெஃபரன்ஸ்டு_ஐடி நல் (null) என்று இருக்கும் வரிகளைப் பாருங்கள். டேபிள் பெயர் மாறியதால் தொங்கிக்கொண்டிருக்கும் ப்ரொசீஜர்கள் தெரியும். வேறு டேட்டாபேஸைக் குறிப்பிடும் வரிகளும் நல் என்றுதான் வரும், அவற்றைத் தள்ளிவிடுங்கள்.

டெம்ப் டேபிளின் பெயரோடு 208 வந்தால், அது டைனமிக் எஸ்க்யூஎல்லுக்குள் உருவாக்கப்பட்டதா என்று பாருங்கள். அந்த வாக்கியம் முடிந்ததும் டேபிளும் போய்விடும். வெளியே உருவாக்கி, உள்ளே நிரப்ப வேண்டும். இன்னொன்று: 208 எழும் அதே ப்ரொசீஜரின் ட்ரை-கேட்ச் (பிழையைப் பிடித்துக் கையாளும் பகுதி) அதைப் பிடிக்காது. வெளியிலிருந்து கூப்பிடும் ப்ரொசீஜரின் கேட்ச்தான் பிடிக்கும்.

213 வந்தால் யாரோ டேபிளில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள், ப்ரொசீஜரில் பத்திப் பெயர்கள் இல்லாத இன்செர்ட் இருக்கிறது. 512 வந்தால் ஒரு மதிப்பு மட்டும் தரும் என்று நம்பிய சப்க்வெரி இரண்டு தந்துவிட்டது. அங்கே டாப் 1 போட்டு வாயை அடைக்காமல், இரண்டாவது பதிவு எப்படி வந்தது என்று பாருங்கள்.

டைம்அவுட்: எஸ்எஸ்எம்எஸ்ஸில் இரண்டு நொடி, அப்ளிகேஷனில் முப்பது நொடியில் அறுந்துவிடுகிறது

எண் -2. இது சர்வர் தரும் பிழையே இல்லை. டாட் நெட்டின் கமாண்ட்டைம்அவுட் டிஃபால்ட்டாக 30 நொடி. அது கடந்ததும் கிளையன்ட்டே போதும் நிறுத்து என்று சொல்கிறது. எஸ்எஸ்எம்எஸ்ஸில் இந்த வரம்பு டிஃபால்ட்டாகக் கிடையாது.

முதல் கேள்வி: ப்ரொசீஜர் வேலை செய்துகொண்டிருக்கிறதா, காத்துக்கொண்டிருக்கிறதா? ஓடிக்கொண்டிருக்கும்போதே சிஸ்.டிஎம்_எக்ஸெக்_ரிக்வெஸ்ட்ஸைப் பாருங்கள். பிளாக்கிங்_செஷன்_ஐடியில் எண் இருந்தால் வேறொருவர் பிடித்திருக்கும் லாக்குக்காக (பூட்டுக்காக) நிற்கிறது. அந்த எண்ணைத் தொடர்ந்து போய், சங்கிலியின் தலையில் இருப்பவரைக் கண்டுபிடியுங்கள். தலையில் இருக்கும் செஷன் ஸ்லீப்பிங் என்று இருந்து, ஓப்பன்_ட்ரான்சாக்‌ஷன்_கவுண்ட் 0-க்கு மேல் இருந்தால், அது எதையும் செய்யாமல் டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. அதை உண்டாக்கியதே முந்தைய ஒரு டைம்அவுட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ப்ரொசீஜர் பிகின் டிரான் போட்டு, ஒரு டேபிளை அப்டேட் செய்துவிட்டு, அடுத்த வாக்கியத்தில் நேரம் எடுக்கிறது. 30-ஆவது நொடியில் கிளையன்ட் நிறுத்தச் சொல்கிறது. சர்வர் அங்கேயே நிறுத்துகிறது. கேட்ச் பிளாக் ஓடாது, ஏனென்றால் சர்வரைப் பொறுத்தவரை பிழை எதுவும் நடக்கவில்லை. கேட்ச்சில் நீங்கள் அக்கறையாக எழுதிய ரோல்பேக்கும் (செய்த மாற்றங்களைக் கலைப்பது) ஓடாது. டிரான்சாக்‌ஷன் திறந்தே கிடக்கிறது, லாக்குகளும் அப்படியே. கனெக்‌ஷன் பூலுக்கு (இணைப்புகளை மறுபயன்பாட்டுக்கு வைத்திருக்கும் இடம்) திரும்பிய அந்த இணைப்பை வேறு யாராவது மறுபடி எடுக்கும்போதுதான் அது ரீசெட் ஆகி ரோல்பேக் நடக்கும். அதற்குள் அந்த டேபிளைத் தொட வரும் மற்றவர்கள் காத்திருந்து, அவர்களுக்கும் டைம்அவுட் ஆகி, அவர்களின் டிரான்சாக்‌ஷன்களும் திறந்து கிடக்கும்.

இதற்கு மருந்து ஒரே வரி: ப்ரொசீஜரின் தொடக்கத்தில் செட் எக்ஸ்ஆக்ட்_அபார்ட் ஆன். அது இருந்தால் கிளையன்ட் நிறுத்தச் சொன்னதும் சர்வர் தானே ரோல்பேக் செய்துவிடும். டிரான்சாக்‌ஷன் தொடங்கும் ப்ரொசீஜர் ஒவ்வொன்றிலும் இது இருக்க வேண்டும் என்பதில் நான் எந்தச் சமரசமும் செய்வதில்லை.

பிளாக்கிங் எதுவும் இல்லை, ப்ரொசீஜர் உண்மையிலேயே மெதுவாக ஓடுகிறது என்றால், இரண்டு இடங்களிலும் வெவ்வேறு எக்ஸிக்யூஷன் பிளான் (தரவை எந்த வழியில் எடுப்பது என்று சர்வர் போடும் திட்டம்) ஓடுகிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்எம்எஸ் அரித்அபார்ட்டை ஆன் செய்கிறது. டாட் நெட் இணைப்பில் அது ஆஃப். இந்த ஒரு வித்தியாசத்தால் ஒரே ப்ரொசீஜருக்கு இரண்டு பிளான்கள் தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன. முதன்முதலில் எந்த மதிப்புடன் கூப்பிட்டார்களோ அதற்கேற்ப அமைந்த பிளான் பிறகு எல்லோருக்கும் ஓடும். பத்துப் பதிவு உள்ள கிளைக்காக அமைந்த பிளான் பத்து லட்சம் பதிவு உள்ள கிளைக்கும் ஓடினால் திணறத்தானே செய்யும். இதுதான் பாராமீட்டர் ஸ்னிஃபிங்.

அப்ளிகேஷனில் அரித்அபார்ட் ஆன் போட்டதும் வேகமானது என்று அடிக்கடி சொல்லக் கேட்கலாம். அந்த ஆப்ஷனுக்கு அப்படியொரு சக்தி இல்லை. புதிய பிளான் கிடைத்ததால் வேகமானது, அவ்வளவுதான்; நாளை அதுவும் கெடலாம். எஸ்எஸ்எம்எஸ்ஸில் செட் அரித்அபார்ட் ஆஃப் போட்டு அதே பாராமீட்டர்களோடு ஓட்டிப் பாருங்கள், மெதுவான பிளான் உங்கள் கண்ணுக்கும் தெரியும். உடனடி நிவாரணத்துக்கு எஸ்பி_ரீகம்பைல். நிரந்தரத் தீர்வுக்குச் சிக்கலான அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் ஆப்ஷன் ரீகம்பைல், அல்லது பொருத்தமான இன்டெக்ஸ். 2016 முதல் உள்ள க்வெரி ஸ்டோரை இயக்கி வைத்திருந்தால் நேற்றைய பிளானையும் இன்றைய பிளானையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

டைம்அவுட்டை 300 நொடி ஆக்குவது தீர்வில்லை. லாக் பிடித்திருக்கும் நேரம் பத்து மடங்காகும்.

டிரான்சாக்‌ஷன் எண்ணிக்கை பொருந்தவில்லை: 266, 3930

வெளி ப்ரொசீஜர் டிரான்சாக்‌ஷன் தொடங்கி, உள் ப்ரொசீஜரைக் கூப்பிடுகிறது. உள்ளே பிழை வந்து ரோல்பேக் ஓடுகிறது. ரோல்பேக் தன் அளவோடு நிற்காது, மிக வெளியே தொடங்கியதுவரை எல்லாவற்றையும் கலைத்து @@ட்ரான்கவுண்ட்டை (எத்தனை பிகின் டிரான் திறந்திருக்கிறது என்ற எண்ணிக்கை) 0 ஆக்கிவிடும். திரும்பி வந்ததும், போகும்போது 1, வரும்போது 0 என்று 266 வரும். அதன்பின் வெளியே உள்ள கமிட்டுக்கு 3902. உண்மையான முதல் பிழை இவற்றுக்கு மேலே எங்கோ புதைந்திருக்கும். பட்டியலின் முதல் பிழையை எடுங்கள், 266-ஐத் துரத்தாதீர்கள்.

3930 கேட்ச் பிளாக்கில் வரும். டிரான்சாக்‌ஷன் ஏற்கெனவே கெட்டுவிட்டது, எக்ஸ்ஆக்ட்_ஸ்டேட் -1. அந்த நிலையில் பிழை லாக் டேபிளில் எழுத முயன்றால் சர்வர் மறுக்கும். ரோல்பேக் முதலில், லாக் பிறகு. பிழை விவரங்களை ரோல்பேக்குக்கு முன் வேரியபிள்களில் எடுத்து வைத்துக்கொள்ளலாம், அவை ரோல்பேக்கில் அழியாது.

கூட்டம் அதிகமாகும்போது மட்டும்: 1205, 2627

1205 டெட்லாக், அதாவது இரண்டு செஷன்கள் ஒன்றின் லாக்குக்காக மற்றொன்று காத்து நிற்பது; சர்வர் அதில் ஒன்றைத் தோற்கடித்து விடுவிக்கும். சிஸ்டம்_ஹெல்த் என்ற எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ் செஷன் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால், யாரும் எதையும் இயக்கி வைக்காவிட்டாலும் டெட்லாக் வரைபடம் அதில் இருக்கும். இரண்டு ப்ரொசீஜர்கள் ஒரே டேபிள்களை எதிரெதிர் வரிசையில் தொடுகின்றனவா, தேவையான இன்டெக்ஸ் இல்லாமல் டேபிள் முழுவதையும் படிக்கின்றனவா என்று பாருங்கள். படிப்பவரும் எழுதுபவரும் மோதுகிறார்கள் என்றால் ரீட் கமிட்டெட் ஸ்னாப்ஷாட் உதவும். தோற்றவரின் டிரான்சாக்‌ஷன் முழுவதும் கலைந்துவிட்டதால், மறுமுயற்சி டிரான்சாக்‌ஷனின் தொடக்கத்திலிருந்துதான் நடக்க வேண்டும்.

2627 (தனித்திருக்க வேண்டிய மதிப்பு இரண்டாம் முறை வந்தது) எப்போதாவது மட்டும் வந்தால், ப்ரொசீஜரில் "இருக்கிறதா பார், இல்லையென்றால் இன்செர்ட் செய்" என்ற பகுதி இருக்கும். இரண்டு பேர் ஒரே நொடியில் பார்க்கிறார்கள், இருவருக்கும் இல்லை என்று வருகிறது. பார்க்கும் வாக்கியத்தில் அப்ட்லாக், ஹோல்ட்லாக் ஹின்ட்கள் இரண்டையும் சேர்த்து, அதையும் இன்செர்ட்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வையுங்கள்.

யாரும் ப்ரொசீஜரைத் தொடவில்லை, ஆனால் இன்று காலையிலிருந்து 1934

செட் ஆப்ஷன்கள் தவறு, கோட்டெட்_ஐடென்டிஃபையர் என்று செய்தி சொல்லும். ப்ரொசீஜரை யாரும் தொடவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். டேபிளில் யாரோ ஃபில்டர்டு இன்டெக்ஸ் போட்டிருப்பார்கள், அல்லது அதன் மேல் இன்டெக்ஸ்டு வியூ உருவாக்கியிருப்பார்கள். இவை இருக்கும் டேபிளில் எழுத அந்த ஆப்ஷன் ஆனாக இருக்க வேண்டும். ப்ரொசீஜருக்கு இந்த ஆப்ஷன் ஓடும் செஷனிலிருந்து வருவதில்லை. உருவாக்கிய நேரத்தில் இருந்தது அதனோடு ஒட்டிக்கொள்கிறது. எஸ்க்யூஎல்சிஎம்டியின் ஓடிபிசி பதிப்பு டிஃபால்ட்டாக ஆஃப் வைத்திருப்பதால், அதன் வழியாக டிப்ளாய் செய்த ப்ரொசீஜர்கள் பல மாதம் நன்றாக ஓடி, இன்டெக்ஸ் வந்த நாளில் விழும். அப்ளிகேஷனில் செட் ஆன் போட்டுப் பயனில்லை. சிஸ்.எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸில் யூசஸ்_கோட்டெட்_ஐடென்டிஃபையர் 0 என்று இருப்பவற்றைப் பட்டியலிட்டு, ஆன் செய்த செஷனிலிருந்து ஒவ்வொன்றையும் ஆல்டர் செய்யுங்கள். ஒன்று விழுந்தால் மற்றவையும் விழக் காத்திருக்கின்றன என்பதால் பட்டியல் முழுவதையும் ஒரே தடவையில் முடித்துவிடுவது நல்லது.

பிழையும் வரவில்லை, வேலையும் நடக்கவில்லை

இருப்பதிலேயே மோசமான அறிகுறி. கேட்ச் பிளாக்கைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாமலோ, வெறும் பிரின்ட் மட்டுமோ, சிவியாரிட்டி 10 வைத்த ரைஸ்எரரோ இருக்கும். மூன்றிலும் அப்ளிகேஷனுக்குப் பிழை என்று எதுவும் போய்ச் சேராது. பணம் கட்டியவரிடம் பதிவாகிவிட்டது என்று திரை சொல்லும், டேபிளில் வரி இருக்காது.

கேட்ச்சில் இருக்க வேண்டியது மூன்று: @@ட்ரான்கவுண்ட் 0-க்கு மேல் இருந்தால் ரோல்பேக், எரர்_நம்பர், எரர்_ப்ரொசீஜர், எரர்_லைன், எரர்_மெசேஜ் நான்கையும் லாக் டேபிளில் எழுதுவது, கடைசியில் பாராமீட்டர் இல்லாத த்ரோ. 2012-ல் வந்த த்ரோ மூல எண்ணையும் வரியையும் மாற்றாமல் அப்படியே மேலே அனுப்பும். அதற்கு முந்தைய வாக்கியம் அரைப்புள்ளியோடு முடிய வேண்டும். ரோல்பேக் டிரானுக்குப் பின் அரைப்புள்ளி விடுபட்டால் த்ரோ என்பதை டிரான்சாக்‌ஷனின் பெயராக எடுத்துக்கொள்ளும். ப்ரொசீஜர் உருவாகும்போது எந்தத் தடங்கலும் இருக்காது, பிழை வரும் நாளில்தான் தெரியும்.

பழைய விபி (விஷுவல் பேசிக்) அப்ளிகேஷன்களில் ஏடிஓ (டேட்டாபேஸோடு பேசும் நூலகம்) வழியாகக் கூப்பிட்டு, ஆப்ஜெக்ட் மூடப்பட்டிருக்கிறது என்று 3704 வந்தால், ப்ரொசீஜரின் முதல் வரியில் செட் நோகவுண்ட் ஆன் போடுங்கள். எத்தனை வரி பாதிக்கப்பட்டது என்ற எண்ணிக்கையை ஏடிஓ முதல் ரெக்கார்ட்செட் என்று எடுத்துக்கொண்டதால் வந்த பிழை அது.